நடுங்கும் கைக்கு ஒரு காப்பு

எங்கள் குடும்பத்தில் குடிகாரர் என்று ஒருவரும் கிடையாது. சந்தேகம் இருந்தால் என் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். குளிருக்கு எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அலுப்புக்கு எடுத்தவர்கள் இருக்கிறார்கள், வயிற்று வாயுவுக்கு எடுத்த ஒரு பெரியப்பாகூட இருந்தார். குடித்தவர் மட்டும் இல்லை. எங்கள் அப்பா மஞ்சள் காமாலையில் போனார். அந்தக் காமாலை எதனால் வந்தது என்று எழவு வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் எல்லாம் அந்த நேரம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் குளிருக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது என் தம்பியைப் பற்றி. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள் நாங்கள். மூத்தவள் நான், கண்டிப் பக்கம் திகனக்கு வந்து தையல் கடை போட்டேன். அவன் பல்லேகலயில் ஒரு பெரிய ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பிள்ளைகள் இரண்டும் கொழுந்துக் கூடையைத் தொடாமல் தப்பிவிட்டார்கள் என்று அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட லைசன்ஸ் கிடைத்த அன்றைக்கு அவனோடு வேலை செய்கிறவர்கள் ஒரு பியர் வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாள் என் கடைக்கு வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, இந்தக் கசப்பைப் போய் மனுசன் எப்படிக் குடிக்கிறான் என்று கேட்டான். அது அவனுக்கு விளங்கவே இல்லையாம். விளங்கிக்கொள்ள வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் போனான். பள்ளிக்கூடத்தில் கணக்கு விளங்காதபோது இந்த அக்கறையில் பாதி இருந்திருந்தால் இன்றைக்கு அவன் இன்ஜினியர்.

கொஞ்ச நாளில் பியர் வயிற்றை ஊதவைக்கிறது என்று கண்டுபிடித்தான். உடம்பைக் கவனிக்கிற பிள்ளை இல்லையா, அதனால் சாராயத்துக்கு மாறினான். சனிக்கிழமையோடு வெள்ளிக்கிழமையும் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை குடித்தால் சனிக்கிழமை உடம்பு வலிக்கிறது, அதற்கு மருந்தாகச் சனிக்கிழமை எடுத்தான், ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமைக்கு மருந்து. மற்றவர்கள் பாட்டுப் பாடி, சண்டை பிடித்து, வாந்தியெடுத்து விழுகிற அளவைக் குடித்துவிட்டு இவன் ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்கு நடந்து வருவான். எவ்வளவு போட்டாலும் ஆள் ஸ்டெடி என்று கூட்டாளிகள் புகழ்ந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு பட்டம். அந்த ஸ்டெடிதான் வரப்போகிற நோயின் முதல் அடையாளம் என்று எனக்கும் தெரியாது, பட்டம் கொடுத்தவர்களுக்கும் தெரியாது.

இனி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியின் தலைவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன், எதைப் பேசினாலும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசுவார். வருடத் திருவிழாவில் கரகம் தூக்குகிற ஆளை அவர்தான் தெரிவு செய்வார். எங்கள் குடும்பத்துக்கு அந்த உரிமை அப்பா காலத்திலிருந்து உண்டு. ஆகவே அப்பாவுக்குப் பிறகு தம்பி.

கரகம் தூக்குகிறவனுக்கு முதலில் காப்புக் கட்டுவார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு. கயிறு கட்டின பிறகு திருவிழா முடிகிறவரை மச்சம் மாமிசம் இல்லை, குடி இல்லை, கோயில் மண்டபத்திலேயே படுக்க வேண்டும். முக்கியமான ஒன்று, தோட்டத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. காப்போடு எல்லை தாண்டினால் தோட்டத்துக்கே கேடு என்பார்கள்.

என் தம்பி காப்புக் கட்டினால் ஒரு சொட்டுத் தொட மாட்டான். இது உண்மை, நான் மறுக்கவில்லை. அந்த ஒரு கிழமை குளித்து, திருநீறு பூசி, அடக்கமாகக் கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருப்பான். அம்மாவயதுப் பொம்பளைகள்கூட அவனைச் சாமி என்று கூப்பிட்டுக் காலில் விழுந்து எழும்புவார்கள். கடைசி நாள் மஞ்சள் நீர் ஊற்றிக் காப்பை அறுத்து ஆற்றில் விட்டதும், கோயிலுக்குப் பின்னால் அவனுடைய கூட்டாளிகள் போத்தலோடு காத்திருப்பார்கள். கொழுந்து லொறி ஓட்டுகிற ஒருவன்தான் அதில் தலைவன். காலையில் இவனிடம் பயபக்தியோடு திருநீறு வாங்கிய அதே கை மத்தியானம் கிளாஸை நீட்டும். தலையில் ஊற்றின மஞ்சள் தண்ணி காய்வதற்குள் சாமி மறுபடியும் மனுசனாகிவிடும்.

மாமாவுக்கு அந்த ஒரு கிழமை போதும். அதை வைத்துக்கொண்டு வருடம் முழுக்கப் பேசுவார். "காப்புக் கட்டுனா ஒரு சொட்டு தொடமாட்டான். நெனச்சா நிறுத்திருவான். அவனைப் போயி குடிகாரன்னு சொல்ல வாய் வருதா உனக்கு?" என்று என்னிடம் கேட்டார். அந்த நம்பிக்கையில் தன் மகளையே அவனுக்குக் கட்டிக் கொடுத்தார். அவள் அதிகம் வாய் திறக்காத பிள்ளை. பல்லேகலயில் ஒரு கார்மண்ட் ஃபெக்டரியில் வேலை செய்துகொண்டு, கலியாணமாகி வந்த நாளிலிருந்து புருசனின் போத்தல்களைப் பழைய போத்தல்காரனுக்குப் போட்டுக்கொண்டு, அப்பாவிடம் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கலியாணத்துக்குப் பிறகு அவன் பொறுப்பான ஆளாகிவிட்டான். நையாண்டி பண்ணவில்லை, போயாவுக்கு முதல் நாள் அவனைப் பார்த்திருக்க வேண்டும். போயா என்கிற பௌர்ணமி நாளில் சாராயக் கடைகள் பூட்டியிருக்கும். ஆகவே முதல் நாளே வாங்கி அலுமாரியில் உடுப்புக்குப் பின்னால் அடுக்கிவிடுவான். பெரஹரா ஊர்வலக் காலத்தில் கண்டி டவுனில் கடை பூட்டினால் எந்தப் பக்கம் போனால் திறந்திருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எந்த மாதம் எந்தக் கிழமையில் பௌர்ணமி வருகிறது என்று கோயில் ஐயருக்குக்கூடக் கலண்டர் வேண்டும், இவனுக்கு வேண்டாம். பெண்டாட்டி மாசமாக இருந்தபோது அவளுடைய கிளினிக் நாள் மட்டும் அவனுக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. அவளோடு கிளினிக்குக்குப் போனது நான்.

பிறகு காலையில் எடுக்க ஆரம்பித்தான். காலையில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் கை நடுங்கி, பாதி சட்டையில் கொட்டும். இரண்டு மடக்கு சாராயம் உள்ளே போனதும் அதே கை மரம்போல நிற்கும். முன்னே சந்தோசத்துக்குக் குடித்தான், பிறகு சந்தோசம் போய்விட்டது, குடி மட்டும் தங்கிவிட்டது. கை நடுங்காமல் இருப்பதற்காகவே குடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டான். ஃபோர்க்லிஃப்டைக் கொண்டுபோய் ஸ்டோர் சுவரில் இடித்ததும் வேலை போனது. என் கடைக்குப் பக்கத்து ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் நானா பாவம் பார்த்து வேலை கொடுத்தார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, தம்பி தங்கமான புள்ள. ஆனா காலையில அவர்ட கையில ஒரு டின் பெயின்ட்டும் நிக்குதில்ல. சொகமில்லாத ஆளுக்கு மருந்து எடுக்கணும்."

நான் அன்றைக்கே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம் என்றேன். அம்மாவுக்கு வந்ததே கோபம். ஊரில் பொடியன்மார் ஐஸ் என்கிற போதைத்தூள் அடித்து வீட்டுக் கதவைக்கூட விற்கிறார்கள், என் பிள்ளை சாராயம்தானே குடிக்கிறான், அரசாங்கமே விற்கவிடுகிற சாமான், அதற்குப் போய் ஆஸ்பத்திரியா என்று ஒரு மூச்சுத் திட்டினார். திட்டி முடித்துவிட்டுச் சொன்னதுதான் எல்லாரும் சொன்னது. திருவிழா வருகிறது, காப்புக் கட்டினால் நிறுத்திவிடுவான்.

நிறுத்தினான். அங்கேதான் சனியன் பிடித்தது.

அந்த வருடம் காப்புக் கட்டின மறுநாளே அவனுக்கு உடம்பு ஆடத் தொடங்கியது. தேகமெல்லாம் வேர்வை, உதடு துடிக்கிறது, இரண்டு கையும் மடியில் நிற்கமாட்டேன் என்கிறது. என் தம்பிக்கு அதற்கு முன் ஒருநாளும் அருள் வந்ததில்லை. கரகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறவன்போல நடப்பான், அம்மன் இவன்மேல் இறங்கமாட்டேன் என்கிறாளே என்று பெரியவர்களுக்கு நெடுநாள் குறை. இப்போது என்னடாவென்றால் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் தப்பைச் சூடு காட்டுவதற்குள்ளேயே அம்மன் வந்துவிட்டாள். பொம்பளைகள் குலவை போட்டார்கள். மாமா கண்ணில் தண்ணீர். அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, பார்த்தியா என்றார்.

நான் பார்த்தேன். திகனயில் காலையில் தேத்தண்ணி கொட்டுகிற அதே கை. அதைச் சொன்னேன். கோயிலில் வைத்து இப்படிப் பேசுகிறாளே என்று சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா தொண்டையைச் செருமினார். டவுனுக்குப் போய் நாலு ஜாக்கெட் தைத்தவுடன் சாமியையே அளவெடுக்க வந்துவிட்டேனாம்.

அதன் பிறகு குறி கேட்க வரிசை நின்றது. கட்டாருக்குப் போகிற மகனுக்கு விசா வருமா, காணாமல்போன பசு கிடைக்குமா, மருமகள் எப்போது அடங்குவாள், எல்லாக் கேள்வியும் அவனிடம். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "தாங்க முடியல, என்னை விடுங்க" என்பான். அம்மன் எதைத் தாங்க முடியவில்லை என்கிறாள் என்று கமிட்டி கூடிப் பேசியது. பாதியில் நிற்கிற கோபுரத்தைத்தான் சொல்கிறாள் என்று மாமா விளக்கம் சொல்ல, அந்தக் கிழமையே நன்கொடைக்குக் கிளம்பிவிட்டார்கள். சுகமில்லாத மனுசன் ஒருவன் வாயைத் திறந்து என்னை விடுங்கள் என்கிறான், அதற்குக் கோபுரம் கட்டுகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, யாரையாவது அறைய வேண்டும்போலும் வந்தது.

ஒவ்வொரு வருடமும் இதே கூத்து, ஒவ்வொரு வருடமும் முந்தின வருடத்தைவிட மோசம். ஒரு வருடம் நடுக்கம். அடுத்த வருடம் நடுக்கத்தோடு தூக்கமும் இல்லை, அம்மன் கண்ணை மூடவிடவில்லை என்றார்கள். அதற்கடுத்த வருடம் சுவரில் எறும்பு ஓடுகிறது என்று கையால் தட்டித் தட்டிவிட்டான். வெள்ளையடித்த சுவர், ஒரு எறும்பும் இல்லை. அதற்கும் ஒரு கிழவர் அர்த்தம் சொன்னார். காப்பு அறுத்ததும் கோயிலுக்குப் பின்னால் லொறிக்காரன் கொடுக்கிற முதல் கிளாஸோடு எல்லாம் ஓய்ந்துவிடும். அம்மன் மலையேறிவிட்டாள் என்பார்கள். மலையேறின அம்மன் எப்போதும் சாராயம் உள்ளே போன பிறகுதான் ஏறினாள் என்பதை அத்தனை பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. திகனக்குத் திரும்பி வந்தால் முன்னைவிட அதிகமாகக் குடிப்பான், முன்னைவிடச் சீக்கிரம் விழுவான்.

மூன்று வருடத்துக்கு முந்தின திருவிழாவில் எல்லாம் வெட்ட வெளிச்சமானது. வருடாவருடம் அம்மனுக்குப் புதுப் பாவாடை தைத்துக் கொடுப்பது என் வேலை. அதில் சரிகைக் கரையைக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துதான் பிடித்துத் தைப்பேன். அன்று மத்தியானம், தப்படிக்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பக்கத்தில் தம்பி பெண்டாட்டி ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தம்பி மூலையில் பாயில் கிடந்தான். காலையிலிருந்தே யாரோ மஞ்சள் சேலை கட்டின பொம்பளை கதவோரம் நிற்கிறாள், போகச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டுவிட்டுக் கதவோரம் ஒரு கூட்டம் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்தது.

திடீரென்று ஒரு சத்தம் போட்டான். கழுத்து ஒரு பக்கம் திரும்பியது, உடம்பு விறைத்தது, பிறகு கையும் காலும் தரையில் அடித்துக்கொண்டன. வாயோரம் நுரையோடு இரத்தம். கூட்டத்துக்கு அப்படி ஒரு பரவசம். இதுவரை காணாத அருள். சாப்பாட்டை விட்டு ஓடிவந்த தப்புக்காரர்கள் அவன் தலைமாட்டில் நின்று அடிக்கத் தொடங்கினார்கள். தொடாதே, தொடாதே என்று மாமா இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை மறித்தார்.

நான் பாவாடையைப் போட்டுவிட்டு மாமாவின் கைக்குக் கீழே குனிந்து போனேன். தம்பியின் வேட்டி நனைந்திருந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது.

"அம்மன் வந்தா வேட்டியில மூத்திரம் போவாளா மாமா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். தப்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், ஓட்டோவைக் கூப்பிடுங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. மாமாவின் முகம் வெளுத்திருந்தது, பயம்தான், ஆனால் எந்தப் பயம் பெரிது என்று அவருக்கே தெரியவில்லை. கையில் காப்பு இருக்கிறது, எல்லை தாண்டக் கூடாது, கரகம் சோடித்துத் தூக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் அம்மனே சரியாக்கிவிடுவாள் என்றார். தம்பிக்கு இரண்டாவது தரம் இழுத்தது.

அப்போதுதான் அந்த வாய் திறக்காத பிள்ளை எழும்பினாள். பாவாடைமேல் கிடந்த என் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து புருசன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இழுப்பு அடங்குகிறவரை காத்திருந்தாள். அடங்கியதும் மணிக்கட்டைப் பிடித்து மஞ்சள் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினாள். வெட்டின கயிற்றைத் தன் அப்பாவின் கையில் கொடுத்தாள்.

"இப்ப காப்பு இல்லப்பா. எல்லை தாண்டலாம்," என்றாள்.

ஓட்டோவில் அவனை மடியில் போட்டுக்கொண்டு நாவலப்பிட்டிக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு அவன் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவனைப் பற்றி இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி பேசினவள் நான். ஆனால் அந்த ரோட்டில் எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான் இருந்தது, இவன் செத்துப்போகக் கூடாது.

வார்ட்டில் இருந்த டொக்டர் சின்ன வயதுச் சிங்களப் பிள்ளை. எவ்வளவு காலமாகக் குடிக்கிறார், எப்போது நிறுத்தினார் என்று கேட்டார். முந்தாநாள் கோயிலுக்காக நிறுத்தினார், வருடாவருடம் இப்படி நிறுத்துவார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். குடிக்குப் பழகிப்போன உடம்பு, மருந்து இல்லாமல் ஒரேயடியாக நிறுத்தினால் இப்படித்தான் ஆடும், கண்ணுக்கு இல்லாதது தெரியும், வலிப்பு வரும், உயிரும் போகும் என்றார். திடீரென்று நிறுத்துவதும் திரும்பத் தொடங்குவதுமாக இருந்தால் ஒவ்வொரு தரமும் முந்தின தரத்தைவிட மோசமாகத்தான் வருமாம். நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் வார்ட்டில் வைத்து, மருந்து கொடுத்து, பார்த்துக்கொண்டு நிறுத்த வேண்டும் என்றார்.

ஆக, அவனுக்கு ஒன்றுமில்லை என்று மாமா எடுத்துக் காட்டின அந்த ஒரு கிழமைதான் அவனை வருடாவருடம் கொன்றுகொண்டிருந்தது. இதை நான் மாமாவிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் செருமல் சத்தம்கூட இல்லை.

தம்பிக்கு நினைவு தெளிய நாள் எடுத்தது. தெளிந்த பிறகு ஒரு காலையில் நான் கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி பேசினான்.

"அது சாமி இல்லன்னு எனக்கு மொத வருசமே தெரியும் அக்கா. குடிச்சா நிக்கும்னும் தெரியும்."

தெரிந்தால் ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். வார்ட் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

"எல்லாரும் கும்புட்டாங்களே. வருசத்துல அந்த ஒரு கிழமைதான் என்னைய ஒருத்தரும் திட்டல. நீயும்தான்."

கோப்பையை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினேன். குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன்.

வார்ட்டிலிருந்து வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். தீபாவளிக்கு ஒரு தரம் குடித்து விழுந்தான், மறுபடி கிளினிக்குக்குப் போனான். கண்டிக்கு மாதாமாதம் மருந்துக்குப் போகிறபோது பெண்டாட்டியும் கூடப் போவாள். நானா மறுபடி வேலை கொடுத்தார். இப்போது பெயின்ட் டின் கையில் நிற்கிறது. தோட்டத்தில் மட்டும் வேறு கதை ஓடியது. அம்மன் முழு உக்கிரத்தோடு இறங்கினாளாம், டவுன்காரி ஒருத்தி நடுவில் புகுந்து கெடுத்துவிட்டாளாம், பெரிய டொக்டரே கையெடுத்துக் கும்பிட்டாராம். அந்தச் சின்னப் பிள்ளைக்கு அன்று கும்பிட எங்கே நேரம், ஊசி போடவே கை போதவில்லை.

அடுத்த வருடத் திருவிழாவை மாமா நடத்தவில்லை, பரிகாரம் மட்டும் செய்தார். போன வருடம்தான் மறுபடி காப்புக் கட்டினார்கள். அம்மா கெஞ்சினாரே என்று நானும் தம்பியும் பெண்டாட்டி பிள்ளையுமாக ஒரு ஓட்டோவில் போனோம். தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கை கட்டி, என் பக்கத்தில் கூட்டத்தோடு நின்றான். அவனுடைய நடுங்காத கையைப் பார்த்துச் சில பொம்பளைகள் அனுதாபப்பட்டார்கள். அம்மன் இவனைக் கைவிட்டுவிட்டாள், பாவம், முன்னே எப்படி வருவாள் தெரியுமா என்று என் காதுபடவே பேசினார்கள்.

கரகத்துக்குப் புது ஆள், கொழுந்து லொறிக்காரன். ஆமாம், கோயிலுக்குப் பின்னால் கிளாஸோடு காத்திருந்த அவன்தான். குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, மாமாவுக்கு முன்னால் கையை நீட்டினான். அந்தக் கை ஆடியது. மாமாவால் கயிற்றில் முடிச்சுப் போட முடியவில்லை, இரண்டு தரம் நழுவியது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு, பிறகு குலவை. இந்த வருடம் காப்புக் கட்டுவதற்கு முந்தியே அம்மன் வந்துவிட்டாளாம். லொறிக்காரனின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு முன்வரிசையில் நின்று, பெருமையில் முகமெல்லாம் சிரிப்பாக, குலவை போட்டாள்.

என் பக்கத்தில் தம்பியைக் காணவில்லை. பார்த்தால் முன்னால் போய்விட்டான். புதுச் சாமியைக் கும்பிடப் போகிறான் என்று கூட்டம் வழி விட்டது. அவன் லொறிக்காரனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எப்ப நிறுத்துன?"

"நேத்து. காப்புக் கட்டணுமே அண்ணே."

தூக்கம் இல்லையா, வேர்க்கிறதா, கண்ணுக்கு ஏதாவது தெரிகிறதா என்று மெதுவாகக் கேட்டான். லொறிக்காரன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். தம்பி அவன் கையை விடாமலே மாமாவைப் பார்த்துத் திரும்பினான்.

"கட்டாதீங்க மாமா. இது அம்மன் இல்ல. எனக்கு வந்ததும் அம்மன் இல்ல. எனக்கு அப்பவே தெரியும், நான்தான் சொல்லல. இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

அத்தனை வருடம் அவன் காலில் விழுந்த கூட்டம் அது. தனக்குச் சாமி போன வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். குடிகார நாய் என்று ஒரு சத்தம் வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவனுக்கு அந்தப் பெயர் கிடைத்தது, அதுவும் குடியை விட்ட பிறகு. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி தலை குனியவில்லை. லொறிக்காரனின் பெண்டாட்டி குலவையை நிறுத்திவிட்டுப் புருசனின் கையையும் என் தம்பியின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ஓட்டோ எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

மாமா கயிற்றோடு நின்றார். "அப்ப கரகத்தை யாருடா தூக்குறது?" என்றார்.

"நீங்க தூக்குங்க மாமா. உங்க கை நல்லாத்தானே இருக்கு," என்றேன் நான்.

லொறிக்காரன் வார்ட்டில் ஒரு கிழமைக்கு மேல் கிடந்தான், பிழைத்து வந்தான். தம்பிதான் கூட இருந்தான். கரகம் அந்த வருடம் மாமாவின் தலையில்தான் போனது. மூச்சு வாங்க வாங்க, இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அம்மன் யார்மேலும் இறங்கவில்லை. வழக்கம்போல மழை பெய்தது, அன்னதானம் நடந்தது, ஒரு குறையும் இல்லை. ஆனால் சனங்களுக்குத் திருப்தி இல்லையாம். இந்த வருடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று அம்மா போனில் சொன்னார். கை கொஞ்சம் நடுங்குகிற ஆளாக இருந்தால் நல்லது என்று கமிட்டியில் பேசிக்கொள்கிறார்களாம்.